குர்து இயக்கங்கள் ஏன் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலை 11 அன்று இராக்கின் சுலைமானியாவுக்கு அருகே உள்ள ஒரு மலைக்குகைக்கு முன்னால் முப்பது பேர் வரிசையாக வந்து நின்றார்கள். பாதிப் பேர் பெண்கள். ஒவ்வொருவராக வந்து துப்பாக்கியை ஒரு பெரிய கொப்பரையில் வைத்தார்கள். பிறகு அதற்குத் தீ மூட்டினார்கள். நாற்பது ஆண்டுகளாகத் துருக்கியோடு போரிட்ட பி.கே.கே. (குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி) இயக்கம் ஆயுதத்தைக் கைவிடத் தொடங்கியது அப்படித்தான்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்விகள் பலவாக இருந்தாலும் ஓரிடத்தில் வந்து நிற்கின்றன: இத்தனை கோடிப் பேர் இருந்தும் இவர்கள் ஏன் ஒன்றுசேரவே இல்லை? பல ஆண்டுகளாக இந்த வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குர்துகள் யார்? எங்கே வாழ்கிறார்கள்?

துருக்கி, இரான், இராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளும் கூடுகிற மலைப்பகுதியின் மக்கள். மூன்று கோடிக்கும் அதிகம், நான்கு கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பாதிக்கு அருகில் துருக்கியில் இருக்கிறார்கள். பெரும்பான்மையினர் சன்னி முஸ்லிம்கள். ஷியாக்கள், அலெவிகள், யாசிதிகளும் உண்டு.

மொழி ஒன்று என்று சொன்னாலும் வழக்குகள் பல. துருக்கியிலும் சிரியாவிலும் குர்மாஞ்சி, அதை லத்தீன் எழுத்தில் எழுதுவார்கள். சுலைமானியா பக்கமும் இரானின் குர்துப் பகுதிகள் பலவற்றிலும் சொரானி, அதற்கு அரபு எழுத்து. துருக்கியின் தியார்பகிரில் அச்சான குர்து நூலைச் சுலைமானியாவில் படித்து வளர்ந்தவர் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கும். இதைப் பின்னால் வருகிற அரசியலோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

அவர்களுக்கு ஏன் தனிநாடு கிடைக்கவில்லை?

கிடைக்கும் என்று ஒருமுறை காகிதத்தில் எழுதப்பட்டது. முதல் உலகப்போரில் ஒட்டோமான் பேரரசு தோற்ற பிறகு, 1920இல் கையெழுத்தான செவ்ர் உடன்படிக்கை குர்துகளுக்குத் தன்னாட்சியும், அவர்கள் விரும்பினால் பின்னர் சுதந்திரமும் உண்டு என்றது. துருக்கியின் முஸ்தபா கெமாலின் படைகள் வென்றதும் அந்தக் காகிதம் செல்லாமல் போனது. 1923இன் லொசான் உடன்படிக்கையில் குர்து என்ற பெயர்கூட இல்லை.

அப்புறம் 1946. இரானின் வடமேற்கில் சோவியத் படை நின்றிருந்த நேரத்தில், மகாபாத் என்ற சிறு நகரத்தில் காஜி முகமது ஒரு குர்துக் குடியரசை அறிவித்தார். இராக்கிலிருந்து போன முல்லா முஸ்தபா பார்சானி அதன் படைத்தலைவர்களில் ஒருவர். சோவியத் படை விலகியது. ஆண்டு முடிவதற்குள் குடியரசும் விழுந்தது. தப்பியோட வாய்ப்பிருந்தும் காஜி முகமது ஊரைவிட்டுப் போகவில்லை. எந்தச் சதுக்கத்தில் குடியரசை அறிவித்தாரோ அங்கேயே 1947 மார்ச் 31 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். பார்சானி தன் ஆட்கள் சில நூறு பேரோடு மலைவழியே சோவியத் நாட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார்.

எல்லாக் குர்துகளும் பிரிவினைதான் கேட்கிறார்களா?

இல்லை. சுதந்திரத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது இராக் குர்துகள் மட்டும்தான். தனிநாடு என்று சொல்லி 1978இல் தொடங்கிய பி.கே.கே.யே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரானில் பழைய கட்சிகள் கேட்டது தன்னாட்சி. சிரியாவில் கேட்பது தங்கள் ஊரைத் தாங்களே ஆளும் உரிமை. ஆனாலும் நான்கு தலைநகரங்களும் எல்லாரையும் பிரிவினைவாதி என்றே அழைக்கின்றன. அப்படி அழைத்தால் தாய்மொழியில் பள்ளிக்கூடம் கேட்பவரையும் சிறையில் போடலாம் என்பதுதான் வசதி.

முக்கியமான இயக்கங்கள் எவை?

இராக்கில் இரண்டு பெரிய கட்சிகள். ஒன்று குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி, சுருக்கமாகக் கே.டி.பி. 1946 ஆகஸ்ட் 16 அன்று தொடங்கியது. அதன் இன்றைய தலைவர் மசூத் பார்சானி பிறந்ததும் அதே நாள்தான், அதுவும் மகாபாத்தில். முல்லா முஸ்தபாவின் மகன் அவர். கட்சியும் குடும்பமும் எவ்வளவு பின்னிப் போயிருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எர்பிலும் தோஹூக்கும் இவர்கள் கோட்டை.

மற்றொன்று குர்திஸ்தான் தேசபக்தி ஒன்றியம், பி.யூ.கே. 1975இல் ஜலால் தலபானி தொடங்கியது. சுலைமானியா இவர்கள் கோட்டை. பார்சானிகள் பழங்குடித் தலைவர்கள், நாங்கள் நகரத்துப் படித்த இடதுசாரிகள் என்று இவர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்த வேறுபாடு காலப்போக்கில் தேய்ந்துவிட்டது. பி.யூ.கே.யும் இன்று ஒரு குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

துருக்கியில் பி.கே.கே. நிறுவியவர் அப்துல்லா ஒஜலான். 1984 ஆகஸ்ட் 15 அன்று எருஹ், ஷெம்தின்லி ஊர்களைத் தாக்கிப் போரைத் தொடங்கியது. நாற்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. ஒஜலானை 1999 பிப்ரவரியில் நைரோபியில் பிடித்தார்கள். அன்று முதல் இம்ராலி தீவுச் சிறையில் இருக்கிறார். சிரியாவின் பி.ஒய்.டி. (ஜனநாயக ஒன்றியக் கட்சி) இவருடைய கருத்துவழி வந்தது. இரானில் இரான் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியும் கொமாலாவும் பழைய பெயர்கள்.

'ஜாஷ்' என்றால் என்ன?

குர்து மொழியில் கழுதைக்குட்டி. அரசாங்கத்தின் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கி, சொந்த மக்களுக்கு எதிராக நிற்பவனை அப்படி அழைப்பார்கள். நம் மொழியில் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லும்போது வருகிற அத்தனை வெறுப்பும் அந்தச் சொல்லில் உண்டு.

இந்தப் பெயரைச் சுமந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 1964இல் முல்லா முஸ்தபா பார்சானி பாக்தாத்தோடு போர்நிறுத்தம் செய்தார். கட்சியைக் கேட்காமல் செய்தார் என்று கட்சித் தலைவர்களான இப்ராஹிம் அகமதும், பின்னாளில் அவருக்கு மருமகனான ஜலால் தலபானியும் எதிர்த்தார்கள். பார்சானி அவர்களை இரானுக்கு விரட்டினார். திரும்பி வந்தவர்கள் 1966இல் பாக்தாத்தோடு சேர்ந்துகொண்டு பார்சானியை எதிர்த்துப் போரிட்டார்கள். அப்போது அவர்களுக்குக் கிடைத்த பட்டம் ஜாஷ். அந்தத் தலபானிதான் பின்னாளில் இராக்கின் குடியரசுத் தலைவரானார்.

துருக்கியில் 1985 முதல் அரசு சம்பளம் கொடுத்து வைத்த கிராமக் காவலர்களுக்கும் இதே வசைதான். அவர்களில் எல்லாரும் பணத்துக்காகப் போனவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி வாங்க மறுத்தால் ராணுவம் ஊரைக் காலி செய்தது. வாங்கினால் பி.கே.கே. வந்தது. 1987 ஜூனில் பினார்ஜிக் என்ற சிற்றூரில் காவலர் குடும்பங்களைப் பி.கே.கே. தாக்கியபோது முப்பது பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். அந்த ஊரில் ஒரு தகப்பன் எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது.

சரி, இந்தப் பிளவுக்கு அடிப்படைக் காரணம் என்ன? குர்துகளின் குணமா?

இந்தக் கேள்வியில் உள்ள 'குணம்' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குர்து நிலத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயுதமோ மாவோ மருந்தோ எது வந்தாலும் நான்கு நாடுகளில் ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். அந்த நான்கும் தங்கள் தங்கள் குர்துகளை ஒடுக்குகிறவை. ஆகவே, ஒரு நாட்டில் போராடுகிற இயக்கம் பக்கத்து நாட்டின் கதவைத் தட்டுகிறது. கதவு திறக்கும். ஆனால் 'எங்கள் ஊர்க் குர்துகள் விஷயத்தில் நீ வாயைத் திறக்கக் கூடாது' என்பது நிபந்தனையாக இருக்கும். சில சமயம் வாயை மூடிக்கொண்டால் மட்டும் போதாது, அவர்களைப் பிடித்தும் கொடுக்க வேண்டும்.

நடந்ததைப் பாருங்கள். 1960களில் இரானின் ஷா பார்சானிக்கு உதவினார். விலையாக, இராக் மலைகளில் தஞ்சம் புகுந்திருந்த இரான் குர்துப் போராளிகளைப் பார்சானியின் ஆட்கள் தடுத்தார்கள், சிலரைக் கொன்றார்கள். 1968இல் சுலைமான் முயினி என்ற தலைவரைக் கொன்று உடலை இரானிடமே ஒப்படைத்தார்கள்.

அவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்சில் ஷாவும் சதாம் உசேனும் கைகுலுக்கினார்கள். இரு நாட்டு எல்லையில் ஓடும் ஷத் அல் அரப் ஆற்றில் இரானுக்குப் பாதி, பதிலுக்குக் குர்துகளுக்கான உதவி நிறுத்தம். சில வாரங்களில் பார்சானியின் பதினான்கு ஆண்டுப் போர் முடிந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இரானுக்குள் அகதிகளாக ஓடினார்கள். உதவிவந்த அமெரிக்காவும் கைவிட்டது. முல்லா முஸ்தபா 1979இல் வாஷிங்டனில் நோயில் இறந்தார்.

1980இல் இரான்-இராக் போர் தொடங்கியதும் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. இராக்கின் கே.டி.பி. இரான் பக்கம். இரானின் குர்துக் கட்சிகள் பாக்தாத்தின் உதவியோடு. பி.யூ.கே. 1983இல் சதாமோடு பேச்சு நடத்திப் போர்நிறுத்தம் செய்தது, அது முறிந்ததும் இரானிடம் போனது. இதற்கிடையில் சிரியாவில் ஹாஃபிஸ் அல் அசாத் ஒஜலானுக்கு வீடும் பயிற்சி முகாமும் கொடுத்தார். அதே சிரியாவில் 1962ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு லட்சத்து இருபதாயிரம் குர்துகளும், பிறகு அவர்கள் பெற்ற பிள்ளைகளும் நாடற்றவர்களாக அலைந்தார்கள். ஒஜலான் அதைப் பேசவில்லை.

'பிராகுஜி' என்று குர்துகள் எதைச் சொல்கிறார்கள்?

பிரா என்றால் சகோதரன். குஜி என்றால் கொலை. 1994 முதல் 1998 வரை கே.டி.பி.யும் பி.யூ.கே.யும் நடத்திய போருக்கு மக்களே வைத்த பெயர் அது.

முதலில் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள். 1991இல் இராக் குர்துகளின் எழுச்சி, பின் சதாமின் பதிலடி, பனியில் லட்சக்கணக்கானோர் மலையேறிய ஓட்டம், அதைப் பார்த்த மேற்கு நாடுகள் இராக் விமானங்கள் அங்கே பறக்க விதித்த தடை. அந்தப் பாதுகாப்பில் 1992 மே மாதம் முதல் தேர்தல் நடந்தது. கே.டி.பி.க்கு 51 இடம், பி.யூ.கே.க்கு 49. தோற்றவர் எதிர்க்கட்சியாக உட்காரவில்லை. இரண்டையும் ஐம்பது ஐம்பதாக்கி எல்லாப் பதவிகளையும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அமைச்சர் ஒரு கட்சி என்றால் துணை அமைச்சர் மறு கட்சி. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அலுவலகத்துக்குள்ளும் இரண்டு அரசாங்கம் உட்கார்ந்தது.

1994 மே மாதம் கலாதிசா பக்கம் ஒரு நிலத் தகராறில் பொறி விழுந்தது. எரிய வைத்தது வேறு: இப்ராஹிம் கலீல் சுங்கச்சாவடி. துருக்கி எல்லையில் உள்ள அந்த வாயில் வழியாக டீசலும் சரக்கும் ஏற்றிய லாரிகள் ஓடின. பொருளாதாரத் தடைகளால் முடங்கிக் கிடந்த குர்துப் பகுதியில் பணம் என்று இருந்தது அந்தச் சாவடியில்தான். வாயில் கே.டி.பி.யின் பிடியில். எர்பில் நகரம் பி.யூ.கே.யின் பிடியில். பங்கு தா என்று ஒருவர், நகரத்தைவிட்டுப் போ என்று மற்றவர்.

1996 கோடையில் இரான் படை பி.யூ.கே. பகுதிக்குள் நுழைந்தது. பி.யூ.கே.யோடு இரான் சேர்ந்துவிட்டது என்று அஞ்சிய மசூத் பார்சானி, சதாம் உசேனை உதவிக்கு அழைத்தார். ஆகஸ்ட் 31 அன்று இராக்கின் டாங்குகள் எர்பிலுக்குள் வந்தன.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1983இல் அதே சதாமின் ஆட்கள் குஷ்தப்பா போன்ற முகாம்களிலிருந்து பார்சானி குலத்து ஆண்களையும் சிறுவர்களையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐயாயிரம் முதல் எட்டாயிரம் பேர். ஒருவரும் திரும்பவில்லை. பெண்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மசூதின் சகோதரர்களும் போனவர்களில் உண்டு. அது நடந்து பதின்மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கிற பக்கம் இது. வரைபடமும் அண்டை நாடும் காரணம் என்று மேலே எழுதினேன். அது உண்மை. ஆனால் அந்த அழைப்பை விடுத்தது ஒரு தலைவர். அந்தப் பொறுப்பை எந்த வரைபடத்தின் மேலும் ஏற்ற முடியாது.

பி.யூ.கே. சுலைமானியாவையும் இழந்து எல்லைக்கு ஓடியது, இரானின் உதவியோடு சில வாரங்களில் மீட்டது. 1998 செப்டம்பர் 17 அன்று வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். அதன்பின் 2006 வரை எர்பிலில் ஒரு நிர்வாகம், சுலைமானியாவில் ஒரு நிர்வாகம். கைபேசி வந்தபோது அதுவும் இரண்டாக வந்தது. ஒரு நகரத்து நிறுவனத்தின் எண்ணிலிருந்து மற்ற நகரத்து எண்ணுக்குப் பேச முடியாமல் பலர் இரண்டு இணைப்பு வைத்துக்கொண்டார்கள்.

ஹலப்ஜா, அன்ஃபால் போன்ற பேரழிவுகள்கூட அவர்களை ஒன்றாக்கவில்லையா?

துக்கம் ஒன்றாக்கியது. அரசியலை அது மாற்றவில்லை. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் சதாமின் படை வீசிய விஷவாயுவால் சுமார் ஐயாயிரம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் சதாமின் படை குர்து ஊர்களை அழித்த அன்ஃபால் நடவடிக்கையில் கொல்லப்பட்டவர்கள் 1,82,000 பேர் என்பது குர்துகளின் கணக்கு. சுலைமானியாவில் சதாமின் உளவுத்துறைச் சிறையாக இருந்த அம்னா சுரக்கா இன்று அருங்காட்சியகம். நுழைந்ததும் ஒரு கூடம். சுவரெல்லாம் உடைந்த கண்ணாடித் துண்டுகள், 1,82,000. மேலே 4,500 சிறு விளக்குகள், அழிக்கப்பட்ட ஊருக்கு ஒன்று.

ஹலப்ஜாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2006இல், தாக்குதலின் ஆண்டு நினைவு நாளன்றே, ஊர்மக்கள் அங்கிருந்த நினைவு மண்டபத்தைத் தீவைத்துக் கொளுத்தினார்கள். தலைவர்கள் வெளிநாட்டு விருந்தினரைக் கூட்டிவந்து மண்டபத்தைக் காட்டிவிட்டுப் போகிறார்கள், எங்களுக்குச் சாலை இல்லை, குடிநீர் இல்லை என்பது அவர்கள் கோபம். காவலர் சுட்டதில் ஒரு பையன் இறந்தான். சொந்த அரசாங்கத்தின் குண்டு.

2017இல் கிர்குக்கை இழந்தது எப்படி? காட்டிக்கொடுத்தது யார்?

2014இல் ஐ.எஸ். படைக்கு முன் இராக் ராணுவம் ஓடியபோது, எண்ணெய் வளம் மிக்க கிர்குக்கைப் பெஷ்மெர்கா, அதாவது குர்துப் படை, கைப்பற்றியது. 2017 செப்டம்பர் 25 அன்று மசூத் பார்சானி சுதந்திர வாக்கெடுப்பு நடத்தினார். வாக்களித்தவர்களில் 92 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். மக்களின் மனம் அதில் ஐயமில்லாமல் தெரிந்தது.

அக்டோபர் 3 அன்று ஜலால் தலபானி இறந்தார். அக்டோபர் 16 அன்று இராக் படையும் ஷியாப் படைகளும் கிர்குக்கை நோக்கி வந்தன. நகரைக் காத்துநின்றவை பெரும்பாலும் பி.யூ.கே. படைகள். தலபானி குடும்பத்தினர், இரானின் தளபதி காசிம் சுலைமானி இடைநிற்க, விலகிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரே பகலில் நகரம் கைமாறியது. குடும்பங்கள் கார்களில் மெத்தையும் பாத்திரமுமாக எர்பில் சாலையில் நெரிந்தன.

கே.டி.பி. இதைத் துரோகம் என்றது. பி.யூ.கே.யின் பதில்: வாக்கெடுப்பைத் தள்ளிவைக்க அமெரிக்காவே சொன்னது, பார்சானி கேட்கவில்லை, வெல்ல முடியாத சண்டையில் பிள்ளைகளை ஏன் பலிகொடுக்க வேண்டும்? பி.யூ.கே.யிலேயே ஒரு பகுதியினர் விலகலை எதிர்த்துச் சண்டையிட்டார்கள் என்பதும் உண்மை. அடுத்த நாளே கே.டி.பி.யும் சின்ஜாரையும் வேறு சில இடங்களையும் சண்டையில்லாமல் விட்டுக்கொடுத்தது என்பதும் உண்மை. என் கருத்தைக் கேட்டால், இரண்டு கட்சிகளும் ஒரே படையாக இல்லாதபோதே வாக்கெடுப்பு நடத்தியது முதல் தவறு. மறு கட்சிக்குத் தெரியாமல் எதிரியோடு பேசியது அதைவிடப் பெரிய தவறு.

பின்னர் கிர்குக்கின் ஆளுநர் பதவிக்கும் பி.யூ.கே.காரர் ஒருவர் வந்தார். 2024 ஆகஸ்டில் பாக்தாத்தின் ஒரு விடுதியில், கே.டி.பி. உறுப்பினர்கள் இல்லாமல் நடந்த கூட்டத்தில் தேர்வானவர்.

சிரியக் குர்துகள் விஷயத்திலும் இதே பிளவுதானா?

ஆமாம். ஒஜலானின் வழிவந்த பி.ஒய்.டி. ஒரு பக்கம், பார்சானியின் ஆதரவு பெற்ற குர்து தேசிய மன்றம் மறுபக்கம். எர்பிலிலும் தோஹூக்கிலும் செய்த ஒப்பந்தங்கள் ஏட்டோடு நின்றன. இரண்டு குர்துப் பகுதிகளுக்கும் நடுவே உள்ள எல்லையில் 2014இல் கே.டி.பி. அகழி வெட்டியது.

ஆனால் அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. சிரியாவின் குர்து நகரமான கோபானியை ஐ.எஸ். முற்றுகையிட்டிருந்தபோது, எர்பிலிலிருந்து சுமார் 150 பெஷ்மெர்கா வீரர்கள் பீரங்கிகளோடு துருக்கி வழியாகப் போனார்கள். வழிநெடுக ஊர்மக்கள் சாலையோரம் திரண்டு வாழ்த்தினார்கள். பார்சானியின் வீரர்களும் ஒஜலானின் பிள்ளைகளும் ஒரே நகரத்துக்காகச் சண்டையிட்டார்கள். 2015 ஜனவரியில் கோபானி மீண்டது. 2025 ஏப்ரலில் சிரியாவின் கமிஷ்லியில் இரு தரப்பும் சேர்ந்து ஒரு மாநாடு நடத்தின.

இரானில்?

1980களில் அங்கும் ஜனநாயகக் கட்சியும் கொமாலாவும் தங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் சுட்டுக்கொண்டன. ஜனநாயகக் கட்சியின் தலைவர் அப்துல் ரஹ்மான் காசிம்லூவை 1989இல் வியன்னாவில், பேச்சுவார்த்தை மேசையிலேயே இரான் அரசின் ஆட்கள் கொன்றார்கள். அடுத்து வந்த சாதிக் ஷரஃப்கந்தியை 1992இல் பெர்லின் உணவகம் ஒன்றில். 2022இல் சக்கேஸ் நகரத்துப் பெண் ஜினா மாசா அமினியின் சாவுக்குப் பின் 'ஜின், ஜியான், ஆசாதி' (பெண், வாழ்வு, விடுதலை) என்ற குர்து முழக்கம் இரான் முழுவதும் கேட்டது. எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத குரல் அது.

பெஷ்மெர்கா இன்று ஒரே ராணுவமா?

இன்னும் இல்லை. எண்பதாம் பிரிவு கே.டி.பி., எழுபதாம் பிரிவு பி.யூ.கே. இரண்டையும் அமைச்சகத்தின் கீழ் கொண்டுவர அமெரிக்கா அழுத்தம் கொடுத்து வருகிறது. 2024 அக்டோபர் தேர்தலில் நூறு இடங்களில் கே.டி.பி. 39, பி.யூ.கே. 23 பெற்றன. ஓராண்டு கடந்தும் அமைச்சரவை அமையவில்லை. 2025 ஆகஸ்டில் சுலைமானியாவில், ஜலாலின் மகனும் பி.யூ.கே. தலைவருமான பாஃபெல் தலபானியின் படைகள் சொந்த ஒன்றுவிட்ட சகோதரர் லாஹூர் ஷேக் ஜங்கியைத் துப்பாக்கிச் சண்டை நடத்திக் கைதுசெய்தன. கட்சிக்குள்ளேயே நிலைமை இது.

பி.கே.கே. கலைந்தால் இந்தப் பகை தீருமா?

ஒரு முடிச்சு தளரும். கந்தில் மலையில் பி.கே.கே. இருப்பதைக் காட்டித்தான் துருக்கி இராக் மண்ணில் முகாம் போட்டது. அதே காரணத்தைச் சொல்லி 2023 ஏப்ரலில் சுலைமானியா விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. கே.டி.பி. துருக்கியோடு, பி.யூ.கே. பி.கே.கே.யோடும் இரானோடும் என்ற கோடு அதனால் இன்னும் ஆழமானது. ஆயுதம் எரிந்த இடம் பி.யூ.கே. பகுதியில் இருந்ததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஜாசனா குகையில்தான் 1923இல், பிரிட்டிஷ் குண்டுவீச்சுக்குத் தப்பிவந்த குர்துத் தலைவர் ஷேக் மஹ்மூதின் ஆட்கள் அச்சு இயந்திரத்தை வைத்துக் குர்து செய்தித்தாளை அச்சிட்டார்கள்.

துப்பாக்கிகளை எரித்த அந்த முப்பது பேரும் அன்று தங்கள் ஊர்களுக்குப் போகவில்லை. அவர்கள் துருக்கிக்குள் திரும்பி வாழ வழிசெய்யும் சட்டம் எதுவும் அப்போது அங்காராவில் இல்லை. கொப்பரையில் தீ அடங்கியதும் வெறுங்கையோடு மலைக்கே திரும்பிப் போனார்கள்.